கடைமடைக்குத் தண்ணீர் வந்த கதை

கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. அவ்வளவு தூரம் வரும் தண்ணீர் என் வயலுக்கு நூறு அடி முன்னால் காணாமல் போய்விடும். வயல்களுக்குப் பிரியும் கொப்பு வாய்க்காலில் (கிளை வாய்க்கால்) நான்தான் கடைசி. நெல்லுக்கான தண்ணீர் ஓர் ஆண்டு ஒற்றைப்படை மதகுகளுக்கு, மறு ஆண்டு இரட்டைப்படைக்கு. எங்கள் ஆண்டைத் தவறவிட்டால் நெல்லை மறந்துவிட வேண்டியதுதான்.

மேல்மடைப் பெரியப்பாவைச் சந்தேகப்பட்டு, இரவில் டார்ச்சோடு போனேன். மடையை மண் போட்டு ஒழுங்காக அடைத்திருந்தார். "சந்தேகம் தீர்ந்ததா சாமி? போய் நண்டு வளையைப் பார்" என்று இருட்டிலிருந்து குரல் வந்தது.

மறுநாள் தேங்காய் மட்டை ஒன்றை மிதக்கவிட்டுக் கூடவே நடந்தேன். வண்டித்தடத்துக் குழாயருகே நின்றுவிட்டது. உள்ளே தென்னை ஓலை, மது பாட்டில், உரச்சாக்கு. மூங்கிலால் குத்தி இழுத்தேன். கரையில் மூன்று நண்டு வளைகள், தண்ணீர் அவற்றின் வழியே ஒழுகிக்கொண்டிருந்தது. வாயை மட்டும் பூசினால் நண்டுக்குக் கொண்டாட்டம். அடிவரை தோண்டி, வைக்கோல் கலந்து மிதித்த களிமண்ணைத் திணித்து, மண்வெட்டியின் பின்புறத்தால் அடித்து இறுக்கினேன்.

அடுத்த முறையில் ஒரு மணி நேரத்தில் வயல் நனைந்தது. பெரியப்பாவுக்கு ஒரு தார் பூவன் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்; டார்ச் கதையை மட்டும் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.