கடுங்குளிர் வருகிறதா? பாலத்தில் கவனம்!

மழை பெய்து, பின்னாலேயே கடுங்குளிர் காற்று வந்தால் சாலையில் முதலில் உறைவது பாலங்கள்தான். மேலும் கீழும் காற்று படுவதால் அவற்றுக்குத் தரையின் சூடு கிடைப்பதில்லை. அங்கே படியும் மெல்லிய பனிக்கட்டி கண்ணுக்குத் தெரியாது; தார் ஈரமாக இருப்பது போலத்தான் இருக்கும். எனவே பாலத்துக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். பாலத்தின் மேல் சடாரென்று பிரேக் வேண்டாம், வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கன்ட்ரோலும் வேண்டாம். வழுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, போக வேண்டிய பக்கம் பார்த்து ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்புங்கள். நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை போகும் ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறதே என்று சிலருக்குத் தைரியம். அது வண்டி கிளம்பத்தான் உதவும், நிற்க உதவாது. அப்புறம், வெப்பநிலை சுமார் 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் டயரில் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அலகு) அழுத்தம் குறையும். கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.