மாறியது நோயா, அளவுகோலா?

தென் கொரியாவில் 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களின் விகிதம் 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கு. வரைபடத்தைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். தண்ணீரில் ஏதாவது கலந்துவிட்டதா, காற்றிலா என்று தேடத் தோன்றும். ஆனால் அந்த நோயால் இறந்தவர்களின் விகிதம் அப்படியேதான் இருந்தது.

1999-இல் அங்கே அரசு சில புற்றுநோய்களுக்குப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. பட்டியலில் தைராய்டு இல்லை. கூடக் கொஞ்சம் காசு கொடுத்தால் கழுத்தையும் ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றன மருத்துவமனைகள். ஆயுள் முழுக்கச் சும்மா கிடந்திருக்கக்கூடிய சிறு கட்டிகளெல்லாம் கணக்கில் ஏறின. பலர் தைராய்டையே எடுத்துவிட்டுத் தினமும் மாத்திரை விழுங்க வேண்டியதாயிற்று. 2014-இல் மருத்துவர்கள் சிலர் இதை எதிர்த்துப் பேசிய பிறகு, அறுவை சிகிச்சைகள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. கண்டுபிடித்த எண்ணிக்கையை இருக்கிற எண்ணிக்கை என்று வாசிப்பதுதான் புள்ளிவிவரங்களைக் கையாள்வதில் ஆக மோசமான தவறு என்பேன்.

வரையறை மாறினாலும் இதே கதைதான். 2017-இல் அமெரிக்காவில் உயர் ரத்த அழுத்தத்தின் எல்லையை 140/90-லிருந்து 130/80-க்கு இறக்கினார்கள். பெரியவர்களில் நோயாளிகளின் பங்கு 32 சதவீதத்திலிருந்து 46 ஆனது. அன்று யாருடைய ரத்தக் குழாயும் மாறவில்லை!

கடலுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1945 ஆகஸ்ட் வாக்கில் கடல்நீர் திடீரென்று குளிர்ந்ததாகப் பதிவுகள் காட்டின. போர்க்காலத்தில் பெரும்பாலான அளவீடுகள் அமெரிக்கக் கப்பல்களுடையவை. எஞ்சின் அறைக்குள் வரும் நீரை அளந்தவை. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு கூடியது. அவர்கள் வாளியில் மொண்டு அளந்தார்கள். மேல்தளத்துக்கு வருவதற்குள் வாளித் தண்ணீர் ஆறிவிடும். இதைக் கண்டுபிடித்துச் சொல்ல 2008 ஆனது.

தொடக்க ஆண்டிலும் ஏமாறலாம். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவால் கொதித்த 1998-இலிருந்து கோடு போட்டுப் புவி சூடாவது நின்றுவிட்டது என்றார்கள் சிலர். பருவத்தை மறப்பது இன்னொன்று: ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கப்படும் கரியமில வாயு மே மாதம் உச்சம், செப்டம்பர் வாக்கில் தாழ்வு. அந்த இரண்டு மாதங்களை மட்டும் ஒப்பிட்டால் வாயு குறைவதுபோல் தெரியும்.

அப்புறம், மருத்துவ முகாமில் ரத்த அழுத்தம் அதிகம் இருந்தவர்களை மட்டும் பொறுக்கி, ஒரு மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். எதுவுமே கொடுக்காவிட்டாலும் சராசரி இறங்கியிருக்கும். அன்று படபடப்போடு வந்தவர்களும் அதில் இருக்கிறார்களே! இதற்குத்தான் மருந்து கொடுக்காத ஒரு குழுவையும் கூடவே அளக்கிறார்கள்.