காருக்குக் கூலிங் பான் வயரிங்: எர்த்தில்தான் எல்லாம் இருக்கு

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் நல்லா ஓடும் கார், உள்வீதியில் உழவு மெசினுக்குப் பின்னால் ஊரும்போது சூடேறுதா? மின் பான் உதவும். வேகமாக ஓடும்போதும் ஏறினால் பான் வாங்காதீர்கள். ரேடியேற்றர் இடுக்குகளில் செம்மண்ணும் புல்விதையும் அடைந்திருக்கும், இல்லாவிட்டால் தேமோஸ்ரற் (எஞ்சின் சூடேறியதும் திறந்து ரேடியேற்றருக்குத் தண்ணீர் விடும் வால்வு) பழுது. அதை முதலில் பாருங்கள்.

தேவையானவை: 12 அங்குல பான் (ஓட்டத்தில் ஏறத்தாழ 10 அம்பியர், தொடங்கும் கணத்தில் பல மடங்கு), 40 அம்பியர் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் மின் சுவிச்), கூட்டோடு 20 அம்பியர் பியூஸ், 4 சதுர மில்லிமீற்றர் கார் வயர், தேமோ சுவிச் (குறித்த சூட்டில் தானாகப் போடுபடும் சுவிச்). தேமோஸ்ரற் 82 பாகை என்றால் சுவிச் 92 எடுங்கள். இரண்டும் ஒரே அளவென்றால் பான் நிற்காமல் ஓடும். வீட்டு வயர் வேண்டாம். அதன் தடித்த கம்பி அதிர்வில் முறியும்.

பானைத் தகரப் பட்டியில் பூட்டுங்கள். ரேடியேற்றருக்குள்ளால் குத்தி இறுக்கும் பிளாஸ்ரிக் கட்டு நாளடைவில் குழாயை உரஞ்சி ஒழுக வைக்கும்.

ரிலேயின் கால்கள்:
30: பற்றரி பொசிற்றிவ், பியூஸ் வழியாக. பியூஸ் பற்றரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும்.
87: பானின் பொசிற்றிவ்.
86: சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் வயர்.
85: தேமோ சுவிச் வழியாக எர்த் (பற்றரியோடு இணைந்த காரின் இரும்பு உடம்பு).
பானின் நெகற்றிவ் நேரே எர்த்துக்கு. ஐந்து கால் ரிலே என்றால் நடுவில் உள்ள 87ஏ-யைத் தொடாதீர்கள். ரிலே இழுக்காதபோது கரண்ட் அதில்தான் நிற்கும்.

பலரும் மாட்டுப்படுவது 85-இல். ஒரு முனை உள்ள தேமோ சுவிச் தன் மரையால்தான் எர்த் எடுக்கும். பிளாஸ்ரிக் தொட்டி வைத்து, ரப்பரில் குந்தியிருக்கும் அலுமினிய ரேடியேற்றருக்கு எர்த்தே கிடையாது. மரையில் ரெஃப்லோன் ரேப்பைக் கூடச் சுற்றினாலும் இதே கதை. சாவியைத் திருப்பிவிட்டு, 85 வயரைச் சுவிச்சிலிருந்து கழற்றிப் பற்றரி நெகற்றிவில் தொடுங்கள். பான் ஓடினால் வயரிங் சரி. திரும்பக் கொழுவி, எஞ்சின் சூடேறிய பிறகு சுவிச்சின் உடம்பிலிருந்து நெகற்றிவுக்கு ஒரு வயர் பிடியுங்கள். இப்போது ஓடினால் குறை எர்த்தில்தான். இரண்டு முனைச் சுவிச் போட்டு ஒன்றை நேரே நெகற்றிவுக்குக் கொண்டுபோவதே என் தெரிவு. இந்தத் தலையிடி முழுதும் போகும்.

பொடியில் (காரின் உடம்பில்) எர்த் எடுத்தால் வெள்ளி இரும்பு தெரியும்வரை பெயின்ரைச் சுரண்டி, லக் (வயர் முனையில் பூட்டும் உலோக வளையம்) போட்டு இறுக்கிய பிறகு கிறீஸ் பூசுங்கள். பான் ஓடும்போது அதன் நெகற்றிவ் முனைக்கும் பற்றரி நெகற்றிவுக்கும் இடையில் மீற்றரைப் பிடியுங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் திரும்பச் சுரண்டுங்கள்.

கடைசியாக, கிறிலுக்கு முன் ஒரு தாளைப் பிடியுங்கள். உள்ளே இழுபட்டு ஒட்ட வேண்டும். வெளியே தள்ளினால் பானின் இரு வயரையும் மாற்றுங்கள்.

பின்சேர்க்கை: பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வைத்திருப்போர் முதலில் பற்றரியைப் பாருங்கள். பல கார்களில் பொசிற்றிவ்தான் பொடியில் இருக்கும். அப்படியென்றால் 30-க்கு நெகற்றிவ், பானின் பொசிற்றிவ் பொடிக்கு, நெகற்றிவ் 87-க்கு. டயோட் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் உறுப்பு) உள்ள ரிலே வேண்டாம். அந்தக் கார்களில் பற்றரியைச் சார்ஜ் செய்யும் டைனமோ தருவது 20 அம்பியர் அளவு. எஞ்சின் சும்மா நிற்கும்போது அதுவும் வராது. ஹெட்லைற்றோடு பானும் ஓடினால் பற்றரி இறங்கும். அதனால் எஞ்சினோடு சுழலும் பழைய பானைக் கழற்றாதீர்கள்.