என்ன வரைவதென்று தெரியவில்லையா? வீட்டுக்குள்ளேயே தேடலாம்

பென்சில் வாங்கியாகிவிட்டது, நோட்டும் தயார். ஆனால் உட்கார்ந்தால் என்ன வரைவதென்று புரியாமல் அரை மணி நேரம் போய்விடுகிறது. எனக்கும் இப்படித்தான் இருந்தது. மலை, சூரிய உதயம், கடலில் ஒரு படகு என்று மாற்றி மாற்றி வரைந்தேன். எதையும் நேரில் உட்கார்ந்து பார்த்து வரைந்ததில்லை. அதனால் எல்லாமே காலண்டர் படம் மாதிரி வந்தன.

1. ஒரு பொருளை எடுங்கள்

அழகான பொருள் வேண்டாம். வீட்டில் ஒருவர் தினமும் கையில் எடுக்கிற பொருளாக இருந்தால் போதும். நான் எடுத்தது அப்பாவின் மூக்குக்கண்ணாடி. ஒரு பக்கக் கம்பியின் ஆணி எப்போதோ கழன்றுவிட்டது. அங்கே கறுப்பு நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்.

2. ஐந்து நிமிடம் சும்மா பாருங்கள்

பென்சிலைத் தொடாதீர்கள். கண்ணில் பட்டதை மட்டும் சொல்லிப் பாருங்கள். கண்ணாடி என்றால் இரண்டு வட்டம் என்றுதான் நினைத்திருந்தேன். மேஜையில் சாய்வாகக் கிடந்தபோது அருகிலிருந்த வில்லை (லென்ஸ்) அகலமாகவும் தள்ளியிருந்தது ஒடுங்கியும் தெரிந்தன. வில்லை வழியாகப் பார்த்தால் மேஜை விளிம்பு ஓரிடத்தில் விலகித் தெரிந்தது. ஆரம்பத்தில் நாம் செய்கிற தவறுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது: கண் பார்ப்பதை விட்டுவிட்டு, மனதுக்குத் தெரிந்ததை வரைந்துவிடுகிறோம்.

3. காகிதத்தைப் பார்க்காமல் ஒருமுறை

4பி பென்சில் (மென்மையாக, நல்ல கறுப்பாக எழுதுவது) இருந்தால் நல்லது. கண் பொருளின் ஓரத்தில் மெதுவாக நகரட்டும், கையும் அதே வேகத்தில் நகரட்டும். குனிந்து பார்க்கக் கூடாது. படம் கோணல்மாணலாகத்தான் வரும், சிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் புதுப் பக்கத்தில், இந்த முறை பார்த்தே வரையலாம். பொருளை விட்டுவிட்டு, கம்பிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தின் வடிவத்தை முதலில் வரைந்து பாருங்கள்; அளவுகள் தானாகச் சரியாகும்.

4. அதையே ஒரு வாரம்

சலிக்கும். ஆனாலும் செய்யுங்கள். காலை வெளிச்சத்தில் ஒருநாள், விளக்கு வெளிச்சத்தில் ஒருநாள். இத்தாலியின் பொலோன்யா நகரில் சகோதரிகளோடு வாழ்ந்த ஜோர்ஜோ மொராண்டி (1890–1964), படுக்கையறையையே ஓவிய அறையாக்கிக்கொண்டு, அதே புட்டிகளையும் ஜாடிகளையும் பல பத்தாண்டுகள் வரைந்தவர். மினுமினுப்பு தெரியாமலிருக்கப் புட்டிகளின் மேலேயே சாயம் பூசிவிடுவாராம். பளபளக்கும் பொருள் அவ்வளவு தொல்லை. நமக்கு எளிய வழி, மின்னும் இடத்தில் காகிதத்தை வெள்ளையாகவே விட்டுவிடுவது.

5. இனி மனிதர்கள், ஆனால் கைகள் மட்டும்

முகத்தில் தொடங்கினால் 'நான் இப்படியா இருக்கிறேன்?' என்ற சண்டைதான் வரும். துணி மடிக்கிற கையை எடுத்துக்கொள்ளுங்கள். கை அசைந்துகொண்டே இருந்தாலும் அதே நிலைக்குத் திரும்பத் திரும்ப வரும். ஒரே பக்கத்தில் நாலு படங்களைத் தொடங்கி, கை எந்த நிலைக்கு வருகிறதோ அந்தப் படத்தில் இரண்டு கோடு சேருங்கள். ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரைவது மரியாதை.

முகத்துக்குப் போகும் துணிச்சல் வந்த பிறகு, ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1514-இல் தன் அம்மாவைக் கரியால் வரைந்த படத்தைத் தேடிப் பாருங்கள். அம்மா இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு வரைந்தது. நெற்றிச் சுருக்கத்தையோ துருத்திய கழுத்தெலும்பையோ அவர் மறைக்கவில்லை.

6. இல்லாத பொருளை வரைவது

எனக்கு மிகவும் பிடித்த படி இது. வீட்டில் முன்பு இருந்து, இப்போது இல்லாத ஒரு பொருளைப் பற்றி இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். பாட்டியின் பெட்டியைப் பற்றிக் கேட்டேன். பித்தளைப் பூட்டு தொங்கும் என்றார் அம்மா. பூட்டாவது ஒன்றாவது, கயிறு போட்டுத்தான் கட்டியிருந்தது என்றார் மாமா. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தேன். அந்தப் பக்கத்தைத்தான் வீட்டில் எல்லோரும் அதிக நேரம் பார்த்தார்கள்.

கண்ணாடிப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "நூல் மூணு சுத்துதான்டா. நீ நாலு போட்டிருக்கே."