நியூட்டன் நைட்டின் குடும்ப வரலாறு: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

19ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தென்மாநில விவசாயி என்றதும் தூண் வைத்த மாளிகையும் பெரிய பருத்தித் தோட்டமும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். முதல் தவறே இதுதான். 1860இல் அடிமை முறை இருந்த மாநிலங்களில், அடிமைகளை வைத்திருந்தது வெள்ளையர் குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான். மற்றவர்களில் பெரும்பாலோர் மக்காச்சோளம் விதைத்து, பன்றி வளர்த்து, தங்கள் கைப்பாட்டில் வாழ்ந்த சிறு விவசாயிகள். மிசிசிப்பி மாநிலத்து ஜோன்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) பிறந்து, பின்னாளில் உள்நாட்டுப் போரில் தென்னரசை (அமெரிக்காவிலிருந்து பிரிந்த தென்மாநிலங்களின் அரசை) எதிர்த்த நியூட்டன் நைட் அவர்களில் ஒருவர்.

அதற்காக, அடிமை முறைக்கும் அவர் குடும்பத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதிவிடக் கூடாது. அப்பா ஆல்பர்ட்டிடம் அடிமைகள் இல்லை. ஆனால் தாத்தா ஜாக்கி நைட், அந்தக் கவுண்டியில் அதிக அடிமைகளை வைத்திருந்தவர்களில் ஒருவர். தாத்தா, பெரியப்பா, சித்தப்பா என்று எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு விவசாயி எங்கே நின்றார் என்பது புரியும்.

அடுத்தது பிறந்த ஆண்டு. மகன் எழுதிய நூல் 1830 என்கிறது, உறவுக்காரப் பெண் ஒருவர் எழுதியது 1829 என்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்போ 1837 பக்கம் காட்டுகிறது. ஒரே ஏட்டை மட்டும் நம்பி ஆண்டை முடிவு செய்ய வேண்டாம். கணக்கெடுப்பவர் வந்த நேரத்தில் வீட்டில் இருந்தவர் சொன்னதுதான் வயது, அதனால் இரண்டு மூன்று ஆண்டு முன்பின் ஆகும். பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த கணக்கெடுப்பு ஏடுகளை 1850 முதல் வரிசையாக ஒப்பிட வேண்டும். 1890 ஏடுகள் பெரும்பாலும் கிடைக்காது, 1921இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் சேதமாகி அழிந்துவிட்டன. இன்னொன்று, குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று 1880க்கு முன் குறிக்கவே இல்லை. அதனால் ஒரே வீட்டில் பெயர் இருக்கும் சிறுவர்கள் எல்லோரும் பிள்ளைகள்தான் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஊரைக் கவுண்டி எல்லையோடு நிறுத்திக்கொள்வதும் தவறு. நைட் பிறந்தது ஜோன்ஸில், கல்யாணமான பிறகு நிலம் பார்த்தது பக்கத்து ஜாஸ்பரில். ஜோன்ஸ் ஏடுகளை மட்டும் புரட்டினால் அவரைத் தவறவிட்டுவிடுவீர்கள்.

உள்நாட்டுப் போர் பகுதிக்கு வந்ததும் பலர் நிதானம் இழக்கிறார்கள். 1862 அக்டோபரில் தென்னரசு கொண்டுவந்த சட்டத்தால், 20 அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளையருக்குப் படைச் சேவையிலிருந்து விலக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு நைட் படையை விட்டு வெளியேறினார், 1863இல் தென்னரசை எதிர்த்த உள்ளூர்க் குழுவுக்குத் தலைவரானார். ஜோன்ஸ் தனி நாடாகவே பிரிந்தது என்ற கதைக்கு ஆவணம் இல்லை. மகனின் நூல் அவரை வீரராகக் காட்டுகிறது, உறவுக்காரப் பெண்ணின் நூல் வில்லனாக்குகிறது. குடும்பத்தார் எழுதியது என்பதற்காக மட்டும் இரண்டையும் நம்பிவிடக் கூடாது. இரண்டாவது நூல் 1951இல் வந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்தான் நைட்டின் கொள்ளுப்பேரன் மீது, கலப்புத் திருமணம் தொடர்பாக ஒரு வழக்கு நடந்திருந்தது (அதைக் கடைசியில் சொல்கிறேன்). நூல் வந்த ஆண்டைப் பார்க்காமல் அதன் கோபம் விளங்காது.

எனக்கு மிகப் பெரிய தவறாகத் தெரிவது, ரேச்சலைக் கதையில் ஒரு வரியோடு முடித்துவிடுவது. ரேச்சல், நியூட்டனின் தாத்தா ஜாக்கி நைட்டிடம் அடிமையாக இருந்தவர். தாத்தா இறந்ததும் அவர் மகன் ஒருவருக்குச் சொத்தாகக் கைமாறினார். போருக்குப் பின் நியூட்டன் அவரோடு வாழ்ந்தார், பிள்ளைகள் பிறந்தார்கள், 160 ஏக்கரை ரேச்சல் பெயருக்கு எழுதிக்கொடுத்தார். முதல் மனைவி செரீனாவின் மகனும் மகளும் ரேச்சலின் மகளையும் மகனையும் மணந்தார்கள். செரீனா வழியை மட்டும் வரைந்தால் அந்த வம்சாவளி பொய்யாகிவிடும்.

1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனியாக எடுத்த ஏடுகளில் பெரும்பாலும் அவர்கள் பெயர் இருக்காது. உடைமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் போன்ற விவரங்கள்தான். விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் பெயரோடு பதிவானது 1870இல். அதற்கு முன்னால் ஆதாரமே இல்லை என்று கையை விரித்துவிடாதீர்கள். உடைமையாளரின் உயில், அவர் இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியல், விற்பனைப் பத்திரம் ஆகியவற்றில் முதல் பெயர்கள் கிடைக்க வாய்ப்பு உண்டு.

ஊகத்தை உண்மைபோல எழுதுவதும் ஆபத்து. கொள்ளுப்பேரன் டேவிஸ் நைட் வெள்ளைப் பெண்ணை மணந்ததற்காக 1948இல் ஜோன்ஸ் கவுண்டியின் எல்லிஸ்வில் ஊர் நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டுச் சிறை விதித்தது. கறுப்பின ரத்தம் எட்டில் ஒரு பங்கு இருந்தாலே அத்திருமணம் அன்று அங்கே குற்றம். ரேச்சலின் தோற்றம் பற்றி ஊர் முதியவர்கள் நினைவிலிருந்து சொன்னதை வைத்தே வழக்கு நடந்தது. அடுத்த ஆண்டு, அந்தப் பங்கு நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. அதனால் ரேச்சலின் பெற்றோர் பற்றி எழுதும்போது, பத்திரத்தில் இருப்பது எது, ஒருவர் வாயால் சொன்னது எது என்று ஒவ்வொரு வரியிலும் பிரித்துக் காட்டுங்கள்.