இந்தியாவில் மையம் தொடங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் சறுக்கும் இடங்கள்

வேலையில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு மாற்றலாம் என்று முடிவானதும் வெளிநாட்டு நிறுவனங்கள் முதலில் திறப்பது எக்செல் ஷீட்டைத்தான். அங்கே ஓர் ஆளுக்கு எவ்வளவு, இங்கே எவ்வளவு? கழித்துப் பார்த்தால் மிச்சம் கண்ணைப் பறிக்கும். வேலையை வெண்டரிடம், அதாவது வெளி ஒப்பந்த நிறுவனத்திடம், கொடுப்பதா, சொந்தக் கம்பெனி தொடங்குவதா, வெண்டரே கட்டி நடத்திப் பிறகு நம் கையில் ஒப்படைக்கும் பிஓடி முறையா என்பதையும் அதே ஷீட்டை வைத்தே முடிவு செய்துவிடுகிறார்கள். இங்கேதான் முதல் சறுக்கல். வேலையைக் கற்றுக்கொடுக்கும் மாதங்களில் இரண்டு ஊரிலும் சம்பளம் போகும். பழகியவர் விலகினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஷீட்டில் இதற்கெல்லாம் கட்டமே இருக்காது.

அடுத்தது, தேர்ந்தெடுத்த முறை காலத்துக்கும் அப்படியே இருக்கும் என்ற நினைப்பு. அமெரிக்காவின் ஜிஇ (ஜெனரல் எலக்ட்ரிக்) நிறுவனம் 1997இல் குர்காவ்னில் சொந்த மையம் தொடங்கியது. 2004இல் அதில் 60 சதவீதத்தை முதலீட்டு நிறுவனங்களுக்கு விற்றது. இன்றைய ஜென்பேக்ட் நிறுவனம் அதுதான். சிட்டி குழுமம் 2008இல் தன் இந்திய மையத்தைச் சுமார் 50.5 கோடி டாலருக்கு டிசிஎஸ்ஸிடம் கொடுத்தது. அந்த வேலைகளை டிசிஎஸ்ஸே தொடர்ந்து செய்யவும் ஒன்பதரை ஆண்டு ஒப்பந்தம் போட்டது. தனிக் கம்பெனியாக இருந்ததால் கைமாற்ற முடிந்தது. தாய் நிறுவனத்தோடு பின்னிக் கிடக்கும் மையத்தை யார் வாங்குவார்கள்?

பிஓடியில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மை. கட்டுவதையும் நடத்துவதையும் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, ஒப்படைப்பை ஒரே பத்தியில் முடித்துவிடுவார்கள். என்ன விலைக்கு, எந்தத் தேதியில்? ஊழியர்கள் கூடவே வருவார்களா, அவர்களுடைய பணிக்காலம் தொடருமா? கட்டட வாடகை ஒப்பந்தமும் மென்பொருள் உரிமங்களும் யார் பெயரில் இருக்கின்றன? இதையெல்லாம் மூன்றாம் ஆண்டில் பேச உட்கார்ந்தால் பிடி முழுக்க வெண்டரிடம் இருக்கும். கையெழுத்துக்கு முன் பேசினால் அவரும் இறங்கி வருவார்.

சட்ட வடிவத்திலும் கோட்டை விடுவதுண்டு. தொடர்பு அலுவலகம், அதாவது லியாசன் ஆபீஸ், இந்தியாவில் வருமானம் ஈட்டும் வேலை எதையும் செய்யக் கூடாது. ‘சும்மா தொடக்கத்துக்கு’ என்று அதைத் திறந்து, உள்ளே நாலு புரோகிராமர்களை உட்கார வைத்தால் வம்புதான். சரி, பிரைவேட் லிமிடெட் என்றால்? இயக்குநர்களில் ஒருவராவது ஆண்டுக்கு 182 நாள் இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். தாய் நிறுவனத்துக்கே வேலை செய்தாலும் சந்தை விலைக்குப் பில் போட வேண்டும். அடக்க விலைக்குப் போட்டால் வருமான வரித் துறை கேள்வி கேட்கும்.

வரிச்சலுகையை மட்டும் நம்பி இறங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மென்பொருள் பூங்காக்களுக்கான வருமான வரி விலக்கு 2011 மார்ச்சோடு முடிந்துபோனது.

அப்புறம், பத்து பேர் போதும் என்கிற சின்ன நிறுவனம் பெரிய வங்கிகளைப் பார்த்து, தனக்கும் சொந்த மையம் வேண்டும் என்று நினைப்பது. அந்தப் பத்து பேருக்காக ஆடிட்டர், பிஎஃப், சம்பளப் பட்டியல், கம்பெனிப் பதிவுத் தாக்கல் என்று எல்லாவற்றையும் சுமக்க வேண்டிவரும். அவர்களுக்கு நல்ல வெண்டரே போதும், வேலை ஐம்பது பேருக்கு வளரும்வரையாவது.