சேர்த்ததும் நின்றுபோகும் புராஜெக்ட்: சரிசெய்த விதம்

அணியாகச் செய்யும் புராஜெக்டில் மெக்கானிக்கல், சர்க்யூட், புரோகிராம் கோடு (code) மூன்றும் தனித்தனியே நன்றாக ஓடும். கடைசி வாரத்தில் ஒன்றாகப் பொருத்தினால் நின்றுவிடும். எங்கள் அணியில் இதைத் தீர்த்தது ஒரு பக்க இன்டர்ஃபேஸ் தாள், அதாவது ஒருவர் பாகம் இன்னொருவர் பாகத்தோடு எப்படிச் சேரும் என்று எழுதிய தாள். திருகுத் துளைகளின் இடைவெளி, கனெக்டர் வகை, அதன் பின்களின் (pin) வரிசை, வோல்டேஜ், கரன்ட் என ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒருவர்தான் பொறுப்பு. மாற்றினால் தேதி போட்டு எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும்.

கரன்ட் வரியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மோட்டார் ஓடும்போது எடுக்கும் கரன்ட்டை எழுதினால் போதாது. ஸ்டால் கரன்ட்டை, அதாவது மோட்டார் சுழல முடியாமல் நிற்கும்போது இழுக்கும் கரன்ட்டை எழுதுங்கள். மோட்டார் கிளம்பும் கணத்தில் கரன்ட் பல மடங்கு ஏறும், 5 வோல்ட் லைன் சரியும், கோடை ஓட்டும் சிப்பான மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகும். கோடு எழுதியவர் பாவம், கோடில் பிழை தேடுவார். மோட்டாருக்குத் தனி சப்ளை, கிரவுண்ட் மட்டும் பொது, மோட்டாரை இயக்கும் டிரைவர் போர்டின் சப்ளை முனையருகே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்: ரீசெட் நின்றது.

அட்டவணையைக் கடைசியிலிருந்து போடுங்கள். 14 வாரம் என்றால் 10-ஆம் வார முடிவில் முழு இணைப்பு, மீதி சோதனைக்கும் அறிக்கைக்கும். முதல் இணைப்பு 3-ஆம் வாரத்திலேயே, அட்டை மாதிரியில் ஒரு மோட்டாரை வைத்தாவது நடக்கட்டும். தாமதமாக வரும் பாகங்களை முதலில் ஆர்டர் செய்யுங்கள். டிரைவர் போர்டு மட்டும் இரண்டாக வாங்குங்கள், ஒன்று கைவசம் இருக்கட்டும்.